கேள்வி பதில்: ஸ்காட்ஸ் மொழியின் சிறு நூல்கள்

ஸ்காட்லாந்தில் ஸ்காட்ஸ் மொழியிலும் ஆங்கிலத்திலும் வெளியாகும் சிறிய கவிதை, கதைத் தொகுப்புகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு குறிப்பு எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஸ்காட்ஸ் என்பது ஆங்கிலத்தின் பேச்சு வழக்குதானே? அதற்கெனத் தனியே நூல் வெளியிடுவது வெறும் பிடிவாதம் அல்லவா? (வாசகர், திருநெல்வேலி)

பிடிவாதம் கொஞ்சம் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஸ்காட்ஸ், இன்றைய ஆங்கிலம் சிதைந்து உருவானதன்று. பழைய ஆங்கிலத்தின் வடபுல வழக்கிலிருந்து கிளைத்துத் தனியே வளர்ந்த அது, பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் ஸ்காட்லாந்து அரசவையிலும் சட்டங்களிலும் வழங்கிய மொழியாக இருந்தது. நான்காம் ஜேம்ஸ் மன்னர் 1507-இல் வால்டர் செப்மன், ஆண்ட்ரூ மில்லர் என்னும் இருவருக்கு அச்சிடும் உரிமை வழங்கினார். மறு ஆண்டே எடின்பரோவில் அவர்கள் அச்சிட்டவற்றுள் வில்லியம் டன்பார், ராபர்ட் ஹென்றிசன் ஆகியோரின் ஸ்காட்ஸ் கவிதைகளைத் தாங்கிய, சில தாள்களே கொண்ட சிறு நூல்கள் இருந்தன. ஸ்காட்லாந்தின் அச்சு வரலாறு சிறு கவிதை நூல்களோடுதான் தொடங்குகிறது என்பதை இதனால் அறியலாம்.

பின்னர்ச் சமயச் சீர்திருத்தக் காலத்தில் விவிலியம் ஆங்கிலத்திலேயே மக்கள் கைக்கு வந்தது. 1603-இல் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் அரியணையையும் பெற்று லண்டனுக்குப் போனார். 1707-இல் நாடாளுமன்றமும் அங்கே போயிற்று. கல்வியும் பிரசங்கமும் உரைநடையும் ஆங்கிலத்தின் பக்கம் சாய, ஸ்காட்ஸுக்கு வீடும் வயலும் பாட்டும் கதையும் மிஞ்சின. 2022-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 15 லட்சம் பேர் தாங்கள் ஸ்காட்ஸ் பேசுவதாகக் கூறினார்கள். 2025-இல் இயற்றப்பட்ட ஸ்காட்லாந்து மொழிகள் சட்டம் அதற்கு அலுவல் தகுதியும் தந்துவிட்டது. ஆனாலும், பேசுவோரில் பெரும்பாலோர் அம்மொழியைப் பள்ளியில் படித்தவர்கள் அல்லர். வகுப்பறையில் அதைப் பேசியதற்காகத் தண்டனை வாங்கிய தலைமுறையினர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பேசத் தெரிந்தும் படிக்கப் பழகாத வாசகர்களை நம்பிப் பெரிய பதிப்பகம் ஐயாயிரம் படி அச்சிடாது. இருநூறு படி அச்சிடுகிறவர்தாம் துணிவார்.

கேள்வி: ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் தம் முதல் நூலைத் தாமே பணம் திரட்டி வெளியிட்டார் என்கிறார்களே, எப்படி? (கல்லூரி மாணவி, மதுரை)

முன்பதிவு முறையில்தான். 1786 ஏப்ரலில், இன்ன நூல் வரவிருக்கிறது, விலை 3 ஷில்லிங், வேண்டுவோர் கையொப்பமிடுக என்னும் அறிவிப்புத் தாள்கள் அச்சிடப்பட்டு நண்பர்கள் கையில் கொடுக்கப்பட்டன. ஏர் நகரத்து வழக்குரைஞர் ராபர்ட் ஐக்கன் ஒருவரே 145 படிகளுக்கு ஆள் சேர்த்தார். ஏறத்தாழ 350 படிகளுக்கு உறுதி கிடைத்ததும், கில்மார்னக் என்னும் சிற்றூரின் அச்சகத்தார் ஜான் வில்சன் வேலையைத் தொடங்கினார். ஜூலை 31 அன்று நூல் வெளியாயிற்று. மொத்தம் 612 படிகள். ஒரு மாத அளவில் ஏறக்குறைய எல்லாம் விற்றுத் தீர்ந்தன. குத்தகை நிலத்தில் நொடித்துப்போய் ஜமைக்காவுக்குக் கப்பலேற இருந்த மனிதர் அந்தப் பயணத்தைக் கைவிட்டு எடின்பரோவுக்குக் குதிரையேறினார்.

இதில் எங்களுக்கு முக்கியமாகப் படும் செய்தி வேறு. இரண்டாம் பதிப்புக்கான காகிதச் செலவை முன்பணமாகத் தந்தால்தான் அச்சிடுவேன் என்று வில்சன் சொல்லிவிட்டார். பர்ன்ஸிடம் பணம் இல்லை. கையில் இருந்ததெல்லாம் விற்றுப்போன ஒரு நூலின் ஆசிரியர்க்கே இந்த நிலை. அடுத்த பதிப்பு 1787-இல் எடின்பரோவில் வில்லியம் கிரீச் வழியாக வந்தது. பதிப்புரிமையை நூறு கினிக்கு விற்றுவிட்ட பர்ன்ஸ், அந்தப் பணத்தைக் கிரீச்சிடமிருந்து வாங்குவதற்குள் படாத பாடு பட்டார்.

இரண்டு பதிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டியது நூலின் கடைசிப் பக்கங்கள். கில்மார்னக் பதிப்பின் சொற்பொருள் பட்டியல் சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. எடின்பரோ பதிப்பில் அது பல மடங்கு பெருத்துவிட்டது. கவிதையின் மொழி மாறவில்லை, வாசகர் மாறிவிட்டார். ஏர் வட்டாரத்து உழவருக்குத் தேவைப்படாத விளக்கம், தலைநகரத்துச் சீமாட்டிக்கும் லண்டன் வாசகருக்கும் தேவைப்பட்டது.

கேள்வி: ‘சாப்புக்’ என்பது நம் குஜிலிப் பாட்டுப் புத்தகம் போன்றதா? இன்றைய சிறு தொகுப்புகளுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா? எத்தனை பக்கம் இருந்தால் அது ‘சிறு நூல்’? (அச்சகத் தொழிலாளர், சிவகாசி)

தாளிலும் விலையிலும் விற்ற விதத்திலும் போன்றதுதான். ஒரு தாளை மடித்து 8, 16 அல்லது 24 பக்கம் ஆக்கி, மட்டமான மரச்செதுக்குப் படம் ஒன்றை முகப்பில் அச்சிட்டு, ‘சாப்மன்’ எனப்பட்ட நடைவியாபாரி ஊசி, நாடா, சீப்பு ஆகியவற்றோடு மூட்டையில் சுமந்து விற்றார். கிளாஸ்கோ, ஃபால்கர்க், ஸ்டர்லிங் ஆகிய ஊர்களின் அச்சகங்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இவற்றைக் கட்டுக்கட்டாகத் தள்ளின. கிளாஸ்கோவில் மணியடித்து அறிவிப்புச் சொல்லும் வேலை பார்த்த டூகல் கிரஹாம் எழுதிய நகைச்சுவைக் கதைகளில் மக்கள் பேசிய ஸ்காட்ஸ் அப்படியே கேட்கிறது. கொச்சையும் கெட்ட வார்த்தையும் சேர்த்துத்தான்.

அந்தப் பெயரின் மேல் உள்ள மதிப்பினால்தான், பின்னாளில் ஹியூ மக்டயர்மிட் என்ற பெயரில் கவிஞராகப் புகழ்பெற்ற கிறிஸ்டோபர் கிரீவ், 1922-இல் மோன்ட்ரோஸில் பத்திரிகையாளராக இருந்தபடியே தாமே நடத்திய இதழுக்கு ‘ஸ்காட்டிஷ் சாப்புக்’ என்று பெயரிட்டார். 1961-இல் கவிஞர் இயன் ஹாமில்டன் ஃபின்லே தொடங்கிய ‘வைல்ட் ஹாத்தார்ன்’ அச்சகமும், 1999-இல் நாவலாசிரியர் ஜேம்ஸ் ராபர்ட்சன் தொடங்கிய ‘கெட்டிலோனியா’ பதிப்பகமும் அதே மரபில் வந்த சிறு முயற்சிகளே.

பக்கக் கணக்கு உங்களுக்கே நன்றாகத் தெரியும்: நடுவில் பின் அடிக்கும் நூலுக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும். பிரிட்டனில் கவிதைச் சிறு நூல்களுக்கென வழங்கப்படும் மைக்கேல் மார்க்ஸ் விருது 36 பக்கத்தை மேல்வரம்பாகக் கொள்கிறது; நடைமுறையில் 24 முதல் 36 வரை வழக்கம். முதுகு இல்லாத நூலைக் கடைத் தட்டில் செருகினால் அது கண்ணில் படாது என்பதால் கடைக்காரர்கள் அதை விரும்புவதில்லை. கவிதை வாசிப்புக் கூட்டத்தின் வாசல் மேசையும் தபாலும்தாம் இவற்றின் சந்தை. பிரிட்டனில் புத்தகத்துக்கும் சிறு நூலுக்கும் மதிப்புக் கூட்டு வரி பூச்சியம் என்பது ஒரு சிறிய ஆறுதல்.

கேள்வி: நான் அபர்டீனில் வசிக்கிறேன். பள்ளியில் படிக்கும் என் மகள் இவ்வூரின் ஸ்காட்ஸ் வழக்கான டோரிக்கில் கதைகளும் பாட்டுகளும் எழுதுகிறாள். சிலவற்றை ஆங்கிலத்திலும் எழுதுகிறாள். இரண்டையும் ஒரே சிறு நூலாக்க விரும்புகிறோம். எழுத்துக்கூட்டலில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். ஸ்காட்ஸ் பகுதிக்கு எதிர்ப்பக்கத்தில் ஆங்கில மொழிபெயர்ப்புத் தர வேண்டுமா? (வாசகி, அபர்டீன்)

உங்கள் மகளுக்கு எங்கள் வாழ்த்து. நல்ல ஊரில் இருக்கிறீர்கள், அம்மா. கவிஞரும் கதைசொல்லியுமான ஷீனா பிளாக்ஹால் அந்த வட்டாரத்தவர். ஸ்காட்ஸிலும் ஆங்கிலத்திலுமாக நூற்றுக்கும் மேற்பட்ட சிறு நூல்களை வெளியிட்டிருக்கிறார். ஒரு பெரிய தொகுப்புக்காகப் பத்தாண்டு காத்திராமல், எழுதியது சேரச் சேர மெல்லிய நூலாக வெளியிடுவது என்ற வழக்கத்துக்கு அவரைவிடச் சிறந்த சான்று இல்லை. நூலகத்தில் அவற்றில் சிலவற்றை எடுத்து மகளிடம் கொடுங்கள்.

எழுத்துக்கூட்டலுக்கு வருவோம். ஸ்காட்ஸுக்கு எல்லோரும் ஏற்ற ஒரே எழுத்துமுறை இன்றும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கில வாசகருக்கு எளிதாகட்டும் என்று, ஆங்கிலச் சொல்லில் இருந்து ஸ்காட்ஸ் சொல்லில் இல்லாத எழுத்தின் இடத்திலெல்லாம் ஒரு மேற்குறி (’) போட்டார்கள். ஆங்கிலத்தில் ‘வித்’ என்பது ஸ்காட்ஸில் ‘வி’. அதன் பின்னே ஏதோ தொலைந்துவிட்டது போல ஒரு குறி. தொலைந்தது எதுவும் இல்லை, அச்சொல்லே அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கும் குறி என்று பின்னாளில் இதைக் கேலி செய்தார்கள். 1947-இல் எடின்பரோவில் கூடிய கவிஞர்கள் வகுத்த எழுத்துநெறி இதை விலக்கியது, நீங்களும் விலக்கிவிடுங்கள். இதற்கு எதிர்த்திசையில், 1969-இல் டாம் லெனர்ட் தம் ‘சிக்ஸ் கிளாஸ்கோ போயம்ஸ்’ நூலில் கிளாஸ்கோ நகரப் பேச்சை ஒலிப்படியே எழுதி, கண்ணால் படிப்பவரை வாய்விட்டுப் படிக்கவைத்தார்.

டோரிக்கின் அடையாளம், பிற இடங்களில் ‘வ’ ஒலியில் தொடங்கும் வினாச் சொற்கள் அங்கே ‘ஃப’ ஒலியில் தொடங்குவது: என்ன என்பதற்கு ‘ஃபிட்’, யார் என்பதற்கு ‘ஃபா’. சிறுவன் ‘லூன்’, சிறுமி ‘க்வைன்’. பொது ஸ்காட்ஸ் என்னும் பெயரில் யாராவது இவற்றை மாற்றச் சொன்னால் மாற்ற வேண்டாம். ஒரு நூலுக்குள் ஒரு சொல் ஒரே விதமாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். அதற்காகத் தொடக்கத்திலேயே மகளும் நீங்களும் சேர்ந்து ஒரு சொற்பட்டியல் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்காட்ஸ் மொழி அகராதிகள் ஒவ்வொரு சொல்லுக்கும் வழங்கிவந்த பல வடிவங்களையும் காட்டும்.

எதிர்ப்பக்க மொழிபெயர்ப்பு வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஆங்கிலம் கண்ணெதிரே இருந்தால் கண் அங்கேதான் ஓடும். ஸ்காட்ஸ் பக்கம் அலங்காரமாகிவிடும். பக்கமும் இரட்டிப்பாகிச் செலவு ஏறும். தெரியாத சொல்லுக்கு அதே பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில், ஒரு வரி போதும். ‘ஸ்மர்’ என்றால் முகத்தில் பட்டும் படாமலும் விழும் நுண்தூறல். ‘தோல்’ என்றால் (நம் தோல் அன்று) பொறுத்துக்கொள்ளுதல். எந்தச் சொல்லுக்குப் பொருள் தருவது என்பதை அவள் வகுப்புத் தோழி ஒருத்தியிடம் படிக்கக் கொடுத்து முடிவு செய்யுங்கள். அவள் தடுமாறிய இடத்தில் மட்டும் குறிப்புப் போடுங்கள். முதல் வாசகர் அபர்டீன்காரராக இருக்கும் நூலுக்கு லண்டன்காரரின் ஐயங்களை முன்கூட்டியே தீர்த்துவைக்க வேண்டியதில்லை.

கதைகளில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. பாத்திரங்கள் ஸ்காட்ஸ் பேச, கதை சொல்பவர் ஆங்கிலம் பேசுவது நாவல்களில் நெடுநாள் வழக்கம். அதனால் ஸ்காட்ஸ் என்பது வேலைக்காரர்களின் மொழி என்ற எண்ணம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. 1881-இல் வந்த ஸ்டீவன்சனின் ‘த்ரான் ஜேனட்’ என்னும் பேய்க்கதையில், சிறிய ஆங்கில முன்னுரைக்குப் பின் ஊர் முதியவர் ஒருவர் கதை முழுவதையும் ஸ்காட்ஸிலேயே சொல்லிவிடுகிறார். உங்கள் மகள் எழுதும் ஒரு கதையிலாவது கதை சொல்லும் குரல் டோரிக்காக இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதியவற்றை நூலின் தனிப் பகுதியாக ஒதுக்க வேண்டாம், கலந்தே வையுங்கள். பர்ன்ஸின் ‘டாம் ஓ ஷான்டர்’ ஒரே கதைப்பாட்டுக்குள் இரண்டு மொழிக்கும் மாறி மாறிப் போய்வருகிறது.

கேள்வி: ஸ்காட்ஸ் கவிதைகள் சிலவற்றைத் தமிழாக்கிச் சிறு நூலாக இந்தியாவில் வெளியிட எண்ணுகிறேன். அனுமதி வேண்டுமா? (மொழிபெயர்ப்பாளர், கோயம்புத்தூர்)

பர்ன்ஸுக்கு வேண்டாம். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை, பிரிட்டனில் 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். பெர்த் நகரில் பல ஆண்டுகள் படுக்கையிலிருந்தே குழந்தைப் பாடல்கள் எழுதிய வில்லியம் சூட்டர் 1943-இல் காலமானார். அவர் வாழ்நாளில் வெளியானவற்றுக்கு இரு நாட்டிலும் தடையில்லை. மக்டயர்மிட் 1978 வரை வாழ்ந்தார். அவர் கவிதைகளுக்கு எழுதிக் கேட்டே ஆக வேண்டும். கேட்க வேண்டியது அவருடைய உரிமையாளர்களிடம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: ஐம்பது படி மட்டும் அச்சிடும் நூலுக்கு ஐஎஸ்பிஎன் எண் வாங்க வேண்டுமா? நூலகத்துக்கு அனுப்ப வேண்டுமா? (வாசகர், கிளாஸ்கோ)

எண் கட்டாயமில்லை, பிரிட்டனில் அதற்குக் கட்டணமும் உண்டு. கடைகள் வழியே விற்கும் எண்ணம் இல்லையென்றால் விட்டுவிடலாம். ஆனால் நூலகப் படி சட்டப்படியான கடமை: வெளியான ஒரு மாதத்துக்குள் பிரிட்டிஷ் நூலகத்துக்கு ஒரு படி அனுப்ப வேண்டும், ஸ்காட்லாந்து தேசிய நூலகம் உள்ளிட்ட மற்ற ஐந்து நூலகங்கள் கேட்டால் அவற்றுக்கும் தர வேண்டும். கேட்கும்வரை காத்திராமல் எடின்பரோவுக்கு ஒரு படி நீங்களே அனுப்பிவைப்பது நல்லது. ஸ்காட்டிஷ் கவிதை நூலகத்துக்கும் ஒன்று அனுப்புங்கள். அச்சகத்தாரிடம் துருப்பிடிக்காத பின் போடச் சொல்லுங்கள். பழைய சிறு நூல்கள் பலவற்றில் முதலில் கெட்டுப்போவது நடுப்பக்கத்தில் பின் இருக்கும் இடம்தான்.