கார் இன்ஜினுக்கு ஃபோர்ஜ்டு பிஸ்டன் அவசியமா, காஸ்ட் பிஸ்டனே போதுமா?

ஃபோர்ஜ்டு என்றால் அலுமினியத்தை அழுத்தி அடித்து உருவாக்கியது, காஸ்ட் என்றால் உருக்கி அச்சில் வார்த்தது. என்ன கார் என்று நீங்கள் எழுதவில்லை. டர்போ பெட்ரோல், ரீமேப் (பவர் ஏற்ற இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றுவது) செய்தாயிற்று அல்லது செய்யப்போகிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். கம்பெனியில் வந்தபடி ஓட்டுகிறவருக்கு இந்தக் கேள்வி வராது.

சேலத்தில் இன்ஜின் சிலிண்டரைக் கடைந்து அளவாக்கும் போரிங் பட்டறை வைத்திருக்கிறேன். "லேத்காரனுக்கு ஃபோர்ஜ்டு பற்றி என்ன தெரியும்" என்று கிளம்புகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டலாம்.

ஒரு தம்பி பிஸ்டனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். மூன்று சிலிண்டர் டர்போ. ஏற்காடு ஏறும்போது பாதி வளைவிலேயே புகை, இழுவை போய்விட்டது. முதல் ரிங்குக்கும் இரண்டாவதற்கும் நடுவில் இருக்கும் மேடு ஒரு பக்கம் பெயர்ந்திருந்தது. "காஸ்ட்டுங்க அண்ணா, அதான் போயிடுச்சு. ஃபோர்ஜ்டு வாங்கிட்டேன், போர் மட்டும் அடிச்சுக் குடுங்க" என்றார். இரும்பாலை இருக்கிற ஊரில் இதை இங்கேயே அடிக்க முடியாதா என்று வேறு கேட்டார். அங்கே உருட்டுவது ஸ்டெயின்லெஸ் தகடு, பிஸ்டன் அலுமினியம்!

பிஸ்டன் தலையை வெளிச்சத்தில் காட்டினேன். ஓரமெல்லாம் மணல் அடித்த மாதிரி பொடிக்குழி. நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் முறைதவறித் தானாக வெடிப்பது, செய்த வேலை. யாரோ லேப்டாப்பில் பூஸ்ட்டையும் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) டைமிங்கையும் (ஸ்பார்க் விழும் நேரம்) ஏற்றிவிட்டிருக்கிறார்கள். இவர் நாலு பேரை ஏற்றி, ஏசி போட்டு, வளைவு திரும்பியதும் மூன்றாவது கியரிலேயே முழுசாக மிதித்திருக்கிறார். காஸ்ட் பிஸ்டனில் சிலிக்கான் 12 சதவீதம் அளவுக்கு இருக்கும், சிலவற்றில் அதற்கும் மேல். அதனால் சூட்டில் அதிகம் விரியாது, தேய்மானமும் குறைவு. ஆனால் அடி தாங்காது, வளையாமல் உடையும். ஃபோர்ஜ்டு கொஞ்சம் தாங்கும். நாக்கிங் நிற்காவிட்டால் அதுவும் போகும், இன்னும் கொஞ்ச நாள் கழித்து.

அப்புறம் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் விடும் இடைவெளிப் பஞ்சாயத்து. அவர் வாங்கியது 2618 என்கிற அலுமினியக் கலவை (அலாய்), சிலிக்கான் இல்லை என்றே சொல்லலாம், நன்றாக விரியும். காஸ்ட்டுக்கு விடும் இடைவெளியைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாமல் கேட்கும். பழைய கிளியரன்ஸே வையுங்கள், சத்தம் வரக்கூடாது என்றார். மாட்டேன் என்றேன். சூடானதும் சுவரைக் கவ்விக்கொண்டால் பழி பட்டறைக்குத்தான் வரும். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவர், ரீமேப்பைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்தார். பிஸ்டன் பெட்டியில் வந்த தாளில் இருந்த அளவுக்கே அடித்துக் கொடுத்தேன். வண்டி நன்றாக ஓடுகிறது. மார்கழி காலையில் மட்டும் "அண்ணா, தட்டுது" என்று போன் வரும். சூடானால் பிஸ்டன் விரிந்து அடங்கும் என்பேன்.

ஃபோர்ஜ்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அப்படித் திரிக்காதீர்கள். பவரை நிஜமாகவே ஏற்றி, தினமும் ஓட்டுகிற வண்டிக்கு 4032 அலாய் பாருங்கள். அதுவும் ஃபோர்ஜ்டுதான், சிலிக்கான் இருப்பதால் தட்டல் குறைவு. 2618 ரேஸ் ஓட்டுகிறவருக்கு. ஸ்டாக் வண்டிக்கு ஒரிஜினல் காஸ்ட்டே போதும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு பெரும்பாலும் கம்பெனியிலிருந்தே ஃபோர்ஜ்டாகத்தான் வரும், அதற்குத் தனியாகச் செலவு செய்யுமுன் விசாரியுங்கள்.

நாக்கிங் வராமல் இருக்க மலையில் கியர் இறக்கி ஓட்டச் சொன்னால், எதிரில் வருகிறவன் விட்டால்தானே என்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. குறுகலான மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் வழி விட வேண்டும், விதியே அப்படி. ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டிலிருந்து இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? நடு வளைவில் நிறுத்தவைத்து ஹாரன் வேறு அடிக்கிறார்கள். இருபது வளைவிலும் கிளட்ச் வாடைதான்.

சரி, ஒன்று விட்டுப்போனது. பிஸ்டன் கைக்கு வராமல் பிளாக்கைப் போரிங்குக்குக் கொடுக்காதீர்கள். பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்த பிறகுதான் போர் அளவு முடிவாகும்.