பியூனி: சின்னது வேறு, இளைத்தது வேறு

பாளையங்கோட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்தும்போது ‘பியூனி’ என்ற சொல் வந்தது. பி, யு, என், ஒய், நாலே எழுத்து. அதை ஒட்டி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

அம்பாசமுத்திரம் தம்பி: அகராதியில் ‘சிறிய, பலவீனமான’ என்று போட்டிருக்கிறது சார். ஸ்மால் வரும் இடத்தில் எல்லாம் இதை எழுதலாமா?

கூடாது தம்பி. களக்காட்டுப் பக்கம் வாழைக்கன்று எடுப்பதைப் பார்த்திருக்கிறாயா? தாய்மரத்தடியில் இரண்டு வகைக் கன்று நிற்கும். ஒன்று ஈட்டி மாதிரிக் குறுகலாக இலை விட்டிருக்கும், அடிக்கிழங்கு நன்றாகப் பருத்திருக்கும். இன்னொன்று முளைத்த கொஞ்ச நாளிலேயே இலையை அகலமாக விரித்துவிடும், கிழங்கில் சத்து இருக்காது. விவசாயி ஈட்டி இலைக் கன்றைத்தான் நடுவதற்கு எடுப்பார். அது ஸ்மால். ஒதுக்கிப் போடுகிறாரே, அதுதான் பியூனி. அளவு குறைவு, வலுவும் குறைவு, ‘இது எம்மாத்திரம்’ என்ற எண்ணமும் சேர்ந்திருக்க வேண்டும். இந்த மூன்றாவது இல்லாமல் அந்தச் சொல்லைத் தொடாதே.

தென்காசி அக்கா: நோஞ்சான் என்று மொழிபெயர்த்தால் சரியா?

உடம்பைச் சொல்லும்போது சரிதான். பூஞ்சை உடம்பு என்றும் சொல்லலாம். ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த சொல் ‘இளைத்தவன்’. “நான் என்ன உனக்கு இளைச்சவனா?” என்று கேட்கிறோமே, அங்கே யாரும் எடை பார்த்துப் பேசுவதில்லை. என்னை மட்டமாக நினைத்தாயா என்பதுதான் கேள்வி. பியூனிக்குள் இருப்பதும் அதே எண்ணம்தான்.

இதில் ஓர் அழகான ஒற்றுமை இருக்கிறது. பியூனி பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அதில் ‘பின்னால்’, ‘பிறந்த’ என்று இரண்டு துண்டு. பின்னால் பிறந்தவன், அதாவது இளையவன். 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த மாணவனையும், பதவியில் கீழே இருப்பவனையும் இப்படிச் சொன்னார்கள். கீழே இருப்பவன் என்ற பொருள் நாளடைவில் வலுவில்லாதவன் என்று இறங்கிவிட்டது. நம்மிடமும் இளையவன், இளைத்தவன் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, பாருங்கள்.

ஆனால் நம் ஊரில் ‘சவலைப் பிள்ளை’ என்றும் ஒன்று உண்டே! தாய் அடுத்த பிள்ளையை உண்டானதால் தாய்ப்பால் சீக்கிரம் நின்றுபோய் மெலிந்த பிள்ளை. அங்கே பாதிக்கப்படுவது மூத்தது. ஆங்கிலேயன் பின்னால் பிறந்ததை இளைத்தது என்றான், நம் ஆச்சிமார் முன்னால் பிறந்ததைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். சவலை என்பதில் இரக்கம் இருக்கிறது, பியூனியில் அது கிடையாது. அதனால் சவலைப் பிள்ளைக்கு பியூனி என்று எழுதினால் நான் மதிப்பெண் கொடுக்க மாட்டேன்.

வண்ணார்பேட்டை வக்கீல் குமாஸ்தா ஒருவர்: வழக்குக் காகிதக் கட்டில் ‘பியூஸ்னே ஜட்ஜ்’ என்று பார்த்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா அண்ணாச்சி?

உண்டு. இரண்டும் ஒரே சொல்தான். பி, யு, ஐ, எஸ், என், ஈ என்று பழைய எழுத்திலேயே சட்டக்காரர்கள் வைத்துக்கொண்டார்கள். வாயில் சொல்லும்போது அதுவும் ‘பியூனி’தான், நடுவில் எஸ் ஒலிக்காது. தலைமை நீதிபதி தவிர மற்ற நீதிபதிகளைக் குறிப்பது அது. கனடா உச்ச நீதிமன்றத்தில் ஒரு தலைமை நீதிபதியும் எட்டு பியூனி நீதிபதிகளும் உண்டு. வலுவில்லாத நீதிபதி என்று பொருள் இல்லவே இல்லை. பிறந்த பொருளை இன்றைக்கும் அப்படியே காப்பாற்றி வைத்திருக்கும் இடம் நீதிமன்றம்தான்.

அதே குமாஸ்தா: அப்படியானால் ஆபீஸ் பியூன்?

உறவு இல்லை. அது போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது, கால்நடையாகப் போகும் காலாள் என்பது அதன் பொருள்.

வள்ளியூரிலிருந்து ஒரு தங்கை: அக்காவுக்குக் குறை மாதத்தில் குழந்தை பிறந்திருக்கிறது. வாழ்த்து அட்டையில் ‘பியூனி பேபி’ என்று எழுதட்டுமா?

எழுதாதே தாயி. பெற்றவள் மனசு நோகும். ‘டைனி’ என்று எழுது, அதில் கொஞ்சல் இருக்கிறது. பிறக்கும்போது எடை 2.5 கிலோவுக்குக் கீழே இருந்தால் டாக்டர் ‘லோ பர்த் வெயிட்’ என்றுதான் குறிப்பார். அவர்கூட பியூனி என்று எழுத மாட்டார். பிள்ளையும் தாயும் நல்லபடியாக வீடு வந்து சேரட்டும்.

ஒரு மாணவன்: ‘பன்னி’ என்று வாசித்துவிட்டேன், வகுப்பே சிரித்தது சார்.

சிரித்தால் சிரிக்கட்டும். ஃபன்னி, சன்னி இரண்டிலும் என் இரட்டை, அதனால் உயிர் குறுகும். டைனி, பியூனி இரண்டிலும் ஒரே என், உயிர் நீளும். ஒப்பிடும்போது பியூனியர், பியூனியஸ்ட்.

கடைசியாக, நாங்குநேரியிலிருந்து ஒருவர்: ஆளுக்கு மட்டும்தானா, பொருளுக்கும் வருமா?

தாராளமாக வரும். முயற்சி, சம்பளம், சாக்கு, எதிர்ப்பு, எல்லாவற்றுக்கும் வரும். பக்கத்தில் பெரிதாக ஒன்று நின்றால் இன்னும் நன்றாகப் பொருந்தும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை மீறி வந்ததே, அன்றைக்கு வாசலில் நாலு மணல் மூட்டையை அடுக்கிவிட்டு நின்றவர்களைக் கேளுங்கள். ஆற்றுக்கு முன்னால் அந்த மூட்டைகள் பியூனி. அடுக்கியவர்களை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.