ரீச்சரிட்ட கேளுங்க: அம்மனுக்கு முன்னால சிலுவை போட்ட பிள்ளை

கொஞ்ச காலமா வந்து சேர்ந்த கேள்வியளில முக்காவாசி பள்ளிக்கூடம், பூசை, புதுநன்மை (பிள்ளையள் முதன்முதலா நற்கருணை வாங்குறது), ஒளிவிழா (பள்ளிக்கூடத்து நத்தார் விழா) எண்டுதான். வொய்ஸ் மெசேஜ் அனுப்பினவங்கட கேள்வியை நானே எழுதிச் சுருக்கியிருக்கன், பேர் ஒருத்தருக்கும் போடேல்ல, திருகோணமலை சின்ன ஊர், இடத்தைப் போட்டாலே பாதிப் பேருக்கு ஆள் பிடிபட்டிடும்.

ரீச்சர், நாங்க சைவம். மகளுக்கு ஆறு வயசு, டவுனில ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில தரம் 2 படிக்கிறா. போன வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனன், தீபம் காட்டேக்குள்ள வடிவாக் கும்பிட்டிட்டு கடைசியில சிலுவையும் போட்டிட்டா. பக்கத்தில மாமி. அண்டைக்குத் தொடங்கினது இன்னும் முடியேல்ல, பிள்ளையை வேதத்துக்கு மாத்திப்போட்டாங்கள் எண்டு ஒரே பேச்சு. சாப்பிட முன்னமும் "பிதா சுதன்" சொல்லுறா. ஸ்கூலை மாத்தவோ? (உவர்மலை அம்மா)

தங்கச்சி, வாசிச்சிட்டு முதல்ல சிரிச்சிட்டன், குறை நினைக்க வேணாம். முப்பது வருசத்துக்கு மேல சின்ன வகுப்பில நிண்டவ நான். காலமை அசெம்பிளியில ஒருக்கா, இன்ரவலுக்குச் சாப்பாட்டுப் பெட்டி திறக்க முன்னம் ஒருக்கா, வீட்ட போக மணி அடிக்க முன்னம் ஒருக்கா, பக்கத்தில நிக்கிற பிள்ளையள் எல்லாம் நெத்தி, நெஞ்சு, தோள் எண்டு கை கொண்டுபோனா உங்கட மகளின்ட கையும் தானாப் போகும். அவவைப் பொறுத்தவரை சாமிக்கு முன்னால நிண்டா செய்யிற வேலை அது, அம்மனுக்கும் செய்து விட்டிட்டா. அம்மன் கோவிக்க மாட்டா, மாமியைத்தான் சமாளிக்கோணும்.

மாமிக்குச் சொல்லுறதுக்கு ஒரு விளக்கம் தாறன். பள்ளிக்கூடத்துச் சமயம் எண்டுறதில மூண்டு விசயம் இருக்கு, ஆக்கள் மூண்டையும் ஒண்டாக் குழைச்சுப்போட்டுத்தான் சண்டை பிடிக்கிறது. முதலாவது சமயபாடம். எங்கட நாட்டில ஒண்டாம் வகுப்பில இருந்து ஓஎல் (11ஆம் வகுப்புச் சோதினை) மட்டும் அது கட்டாயம், பிள்ளை தன்ட சமயத்தைத்தான் படிக்கிறது. மகளின்ட பையைத் திறந்து பாருங்க, சைவநெறிப் புத்தகம் இருந்தா சரி. ஆனா புத்தகம் இருந்தும் சைவநெறிக்கு ரீச்சர் இல்லாம அந்தப் பீரியட் முழுக்கப் பிள்ளையள் பின்வாங்கில சும்மா குந்தியிருக்குதுகள் எண்டா, நீங்க போய்க் கேக்க வேண்டியது அதைத்தான், சிலுவையை இல்ல. இதை ஒருத்தரும் வந்து கேக்கிறேல்ல எண்டது என்ட நெடுநாள் கவலை.

ரெண்டாவது செபம், அது வகுப்பின்ட பழக்கம். உங்களுக்கு மனசுக்கு ஒப்பேல்ல எண்டா வகுப்பு ரீச்சரிட்ட நேர போய்ச் சொல்லுங்க, மகள் எழும்பி கை கட்டிக்கொண்டு நிக்கட்டும், விருப்பமெண்டா மனசுக்குள்ள தேவாரம் சொல்லட்டும், சொன்னாக் கேக்காத ரீச்சரை நான் காணேல்ல. மூண்டாவதுதான் மாமி பயப்பிடுற விசயம், ஞானஸ்நானம். அது பள்ளிக்கூடத்து அலுவலே இல்ல, பங்குக் கோவிலின்ட அலுவல். அங்கயும் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில 868ஆம் இலக்கம், ஏழு வயசுக்குக் கீழ பிள்ளை எண்டா அம்மா அப்பாவில ஒராளாவது சம்மதிக்கோணும் எண்டு சொல்லுது, சாகக் கிடக்கிற பிள்ளைக்கு மட்டும்தான் வேற விதி. ஆரையும் வற்புறுத்திச் சேர்க்கக் கூடாது எண்டு 748ஆம் இலக்கத்திலயும் கிடக்கு. இன்னொண்டும் சொல்லுங்க மாமிக்கு: ரெண்டாம் வத்திக்கான் சங்கம் கத்தோலிக்கக் கல்வியைப் பற்றி அறிக்கை விட்டது 1965 ஒக்டோபர் 28, மற்றச் சமயங்களை மதிக்கோணும், அதுகள்ல இருக்கிற உண்மையானதைத் தள்ளக் கூடாது எண்டு அறிக்கை விட்டதும் அதே 1965 ஒக்டோபர் 28, அதில இந்து சமயத்தையும் பேர் சொல்லித்தான் எழுதியிருக்கு.

மற்றப் பக்கமும் நடக்கிறதுதான். நான் படிப்பிச்ச ஒரு இடத்தில வாணி விழாவுக்கு மடத்துச் சிஸ்டர்தான் குத்துவிளக்கு மினுக்கிக் குடுத்தவ. புத்தகம் வைக்கிற நேரம் ஒரு கத்தோலிக்கப் பொடியன், தகப்பன் கடலுக்குப் போறவர், கணக்குக் கொப்பியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தான். தமிழ்ப் புத்தகம் எங்கயடா எண்டு கேட்டன். "அது எனக்கு வரும் ரீச்சர்" எண்டான். அடுத்த நாள் எடுத்துப் பாத்தா சந்தனம் ஊறி ஏழாம் வாய்ப்பாட்டுப் பக்கம் எட்டாம் வாய்ப்பாட்டோட ஒட்டிப்போச்சு, பிரிக்கேக்க ரெண்டும் கிழிஞ்சு, அவனுக்கு அதில பெரிய சந்தோசம். அவன் வீட்டில இருந்து ஒருத்தரும் பிள்ளையைச் சைவமாக்கிப்போட்டீங்க எண்டு வந்து நிக்கேல்ல.

ஸ்கூலை மாத்த வேணாம்.

மகன் தரம் 4, அடுத்த வருசம் ஸ்கொலர்ஷிப் சோதினை. ஞாயிறு காலமை 8 மணிக்கு ரியூசன், அதே நேரம் பங்கில புதுநன்மை வகுப்பு. நாங்க கத்தோலிக்கர்தான். ஸ்கூலில சமயம் படிப்பிக்கிறாங்க தானே, அது காணாதோ? ஃபாதர் வகுப்புக்கு வராட்டி நன்மை இல்ல எண்டு பிடிவாதமா நிக்கிறார். (பாலையூற்று அப்பா)

காணாது தம்பி. ஃபாதர் பக்கம்தான் நான்.

உங்கட குழப்பம் எங்கயிருந்து வருது எண்டு விளங்குது. பள்ளிக்கூடத்துக்குப் புனிதரின்ட பேர், வாசலில மாதா கெபி, சுவரில நூறு வருசத்து ஃபாதர்மாரின்ட படம், அதால இண்டைக்கும் அது ஃபாதரின்ட பள்ளிக்கூடம், அங்க படிச்சாப் பங்கில படிச்ச மாதிரித்தான் எண்டு நினைக்கிறம். உங்கட அப்பப்பா காலத்தில அது சரி. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் வந்த பிறகு நாடு முழுக்க அரசாங்க உதவி பெற்ற பள்ளிக்கூடங்கள்ல பெரும்பாலானதை அரசாங்கம் எடுத்திட்டுது, கொஞ்சம்தான் பீஸ் வாங்காம தனியா நிண்டு பிடிச்சது. எடுத்த பள்ளிக்கூடங்கள்ல அதிபரும் அரசாங்க நியமனம், ரீச்சர்மாரும் அரசாங்க நியமனம், பேர் மட்டும் பழைய பேர். அங்க கத்தோலிக்கம் ஒரு பாடம், சோதினை இருக்கு, மார்க்ஸ் இருக்கு. பாவசங்கீர்த்தனத்தின்ட படிமுறையை எழுதி உங்கட மகன் முழு மார்க்ஸ் எடுப்பான், அது பெரிய விசயமில்ல, சுவாமிக்குப் பக்கத்தில முழந்தாளில இருந்து "தங்கச்சியின்ட கலர் பென்சிலை ஒளிச்சு வைச்சது நான்தான்" எண்டு சொல்லுறதுக்கு வேற பழக்கம் வேணும். அதைத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில செய்யிறாங்க.

இந்த வயசில நன்மை குடுக்கிறதே பெரிய சலுகை. முந்தி பத்து, பன்ரண்டு வயசு மட்டும் பிள்ளையளைக் காக்க வைச்ச காலம் இருந்தது, பத்தாம் பத்திநாதர் பாப்பரசர்தான் 1910இல ஏழு வயசளவில புத்தி தெளிஞ்சாக் காணும் எண்டு சொன்னவர். அப்பிடிக் கிடைச்சதை ஒரு ரியூசனுக்காகத் தள்ளிப்போடுறது எனக்கு ஒப்பேல்ல. ரியூசன் சேரிட்ட ஒருக்காக் கேட்டுப் பாருங்க, அந்த வகுப்பில உங்கட பிள்ளை மட்டுமோ கத்தோலிக்கப் பிள்ளை, நாலைஞ்சு அம்மா அப்பா சேந்து போனா அவர் பின்னேரத்துக்கு மாத்துவார், பிள்ளையள் குறைஞ்சா அவருக்குத்தானே நட்டம். ஃபாதர் மாத்தமாட்டார், அவருக்கு அண்டைக்குப் பூசையும் இருக்கு. ஒண்டு மட்டும் சொல்லாம விடேலாது, நீங்க கடைசியா எப்ப பூசைக்குப் போனீங்க எண்டு கடிதத்தில எழுதேல்ல.

மகளுக்கு 8 வயசு. விபூதிப் புதனில இருந்து முட்டை, மீன் ஒண்டும் தொடுறா இல்ல, தவக்காலமாம், சிஸ்டர் சொன்னவவாம். மெலிஞ்சு போறா. என்ன செய்ய? (உப்புவெளி)

சாப்பிடச் சொல்லுங்க. திருச்சபைச் சட்டப்படி மாமிசம் தவிர்க்கிற கடமை 14 வயசு முடிஞ்சாத்தான், ஒருசந்திக் (நோன்பு) கடமை 18இல இருந்து 60ஆம் வயசு தொடங்குற மட்டும், எட்டு வயசுக்கு ரெண்டும் இல்ல. அதோட முட்டையும் மீனும் இப்ப அந்தத் தடையிலயே வராது. சிஸ்டர் அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டா, இனிப்பை விடுங்க பிள்ளையள் எண்டு சொன்னதை இவ முட்டை வரைக்கும் கொண்டுபோயிருப்பா, சில பிள்ளையள் அப்பிடித்தான். ஐஸ்பழக் காசைத் தவக்கால உண்டியலில போடச் சொல்லுங்க, அவவுக்கும் ஒரு தவம் செய்த மாதிரி இருக்கும்.

ஒளிவிழாவில மகளுக்குச் சம்மனசு (வானதூதர்) வேசம் கிடைச்சிருக்கு. க்ளாஸ் வட்ஸ்அப் குறூப்பில ஒரு அம்மா எல்லாரும் ஒரே மாதிரிக் கவுனும் சிறகும் வாடகைக்கு எடுக்கோணும் எண்டு முடிவெடுத்திட்டா, ஆளுக்கு 3500. எங்கட வீட்டுக்காரருக்கு மாரி தொடங்கி கடல் தொழில் இல்ல. குறூப்பில சொல்ல வெக்கமாக் கிடக்கு. (திருக்கடலூர்)

குறூப்பில சொல்ல வேணாம், அங்க ஒண்டு சொன்னா அறுபது தம்ஸ்-அப்பும் ரெண்டு கோள்மூட்டலும்தான் வரும். நாளைக்குக் காலமை பிள்ளையை விடப் போகேக்க வகுப்பு ரீச்சரை வாசலில பிடிச்சு ரெண்டு நிமிசம் கதைங்க. எந்த உடுப்பு எண்டு முடிவெடுக்கிறது ரீச்சர், அந்த அம்மா இல்ல. உங்களை மாதிரி இன்னும் நாலு பேர் வாய் திறக்காம இருப்பாங்க, அதையும் ரீச்சருக்குச் சொல்லுங்க.

2022இல காசு நெருக்கடி, பெற்றோல் வரிசை, கரண்ட் வெட்டு எண்டு கிடந்த வருசம் எங்கட பக்கத்தில ஒரு ஒளிவிழா பாத்தன். சம்மனசுமார் எட்டுப் பேரும் வெள்ளை ஸ்கூல் யூனிபோம், சிறகு உடுப்புக் கொழுவுற கம்பியை வளைச்சு பழைய நுளம்பு வலையைச் சுத்தித் தைச்சது. வடிவெண்டா அப்பிடி ஒரு வடிவு, ஆனா வலையில நுளம்புத்திரி மணம் ஏறிப்போய்க் கிடந்திருக்கு, "உன்னதத்தில் கடவுளுக்கு" எண்டு தொடங்கின சின்னது ஒரு தும்மல், பக்கத்துப் பிள்ளை ஒரு தும்மல், பாலன் குடிலுக்குப் பின்னால நிண்ட மேய்ப்பன்மாரும் தொடங்கிட்டாங்கள். அந்த வருசத்து ஒளிவிழாவைத்தான் சனம் இண்டைக்கும் கதைக்குது. நீங்க செய்தா வலையை ரெண்டு நாள் வெயில்ல போட்டு எடுங்க, மாரியில வெயில் கிடைச்சா.

அந்த அம்மா விடாட்டி லூக்கா நற்செய்தி 2ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்க. இடையருக்கு முன்னால வந்த சம்மனசுக்குச் சிறகு இருந்தது எண்டு ஒரு சொல்லும் இல்ல.

அடுத்த வருசம் மகனை ஒண்டாம் வகுப்பில சேர்க்கோணும். அலஸ்தோட்டத்தில இருக்கிறம், டவுனில கத்தோலிக்கப் பேர் உள்ள பள்ளிக்கூடம்தான் விருப்பம். பங்குத்தந்தையின்ட கடிதம் இருந்தாக் காணுமோ?

கடிதம் நல்லதுதான், ஆனா அதை மட்டும் நம்பிக்கொண்டு இருக்க வேணாம். அரசாங்கப் பள்ளிக்கூடமெண்டா கல்வி அமைச்சின் சுற்றுநிருபம்தான் பேசும். கடந்த வருசங்களில வந்தபடி பாத்தா கிட்ட வசிக்கிறவங்களுக்கு 50 வீதம், அங்க படிச்ச அம்மா அப்பாவின்ட பிள்ளையளுக்கு 25, ஏற்கெனவே சகோதரம் படிச்சா 15, மிச்சம் 10 கல்வித்துறை ஆக்கள், இடமாற்றம், வெளிநாட்டில இருந்து வாறவங்க எண்டு பிரியும். ஜனவரி 31க்கு முன்னம் 5 வயசு முடிஞ்சிருக்கோணும்.

சமயம் எங்க வருது எண்டா, 1960, 61 சட்டத்தில அரசாங்கம் எடுத்த பள்ளிக்கூடமெண்டா, எடுத்த நேரம் எந்தெந்தச் சமயப் பிள்ளையள் எத்தின வீதம் இருந்தாங்களோ அந்த விகிதத்தையும் பாக்கோணும் எண்டு சுற்றுநிருபத்தில ஒரு வரி கிடக்கு. அந்த இடத்தில மகனின்ட ஞானஸ்நான அத்தாட்சி உதவும். ஆனா கத்தோலிக்கப் பிள்ளையளுக்குள்ளயும் தூரம், பழைய மாணவர் எண்டு போட்டி வரும், அலஸ்தோட்டத்தில இருந்து டவுனுக்குள்ள தூரத்துப் புள்ளி அடிவாங்கும், உள்ளதைச் சொல்லுறன். நீங்க ரெண்டு பேரில ஒராள் அங்க படிச்சிருந்தா அந்த 25இல போடுங்க. வாக்காளர் இடாப்பில பேர் ஒழுங்கா இருக்கோ எண்டு இப்பவே பாருங்க, கடைசி நேரம் ஓடித்திரிய வேண்டி வரும். நன்கொடை எண்டு ஆரும் காசு கேட்டாக் குடுக்காதீங்க.

ஒரு திருத்தம்

போன மாசம் ஒரு தங்கச்சி கேட்டிருந்தவ, மூத்த மகளின்ட தரம் 1 ரீச்சர் சைவம், பிள்ளையில அவ்வளவு பாசம், புதுசாப் பிறந்த குழந்தைக்கு அவவையே ஞானத்தாய் ஆக்கலாமோ எண்டு. நான் நல்ல மனசிருந்தாக் காணும், ஆக்கலாம் எண்டு எழுதிப்போட்டன். ஒரு ஃபாதர் போன் எடுத்து, ரீச்சர் நீங்க இவ்வளவு காலம் பங்கில இருந்து இதைப் படிக்கேல்லயோ எண்டு கேட்டார். அவர் சொன்னது சரி, பிழை என்னோட. திருச்சபைச் சட்டத்தின்ட 874ஆம் இலக்கப்படி ஞானப்பெற்றோர் கத்தோலிக்கரா, 16 வயசு முடிஞ்சவரா, நன்மையும் உறுதிபூசுதலும் எடுத்தவரா இருக்கோணும். திருமுழுக்குப் பெற்ற வேற சபைக் கிறிஸ்தவர் எண்டா ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோரோட சேந்து சாட்சியா நிக்கலாம், சைவ ரீச்சருக்கு அதுவும் ஏலாது. அவ வரலாம், முன்வாங்கில இருக்கலாம், சாப்பாட்டுக்கு நிக்கலாம், பதிவுப் புத்தகத்தில மட்டும் பேர் வராது. தங்கச்சி, ஞானஸ்நானம் இந்த மாசக் கடைசி ஞாயிறு எண்டு எழுதியிருந்தீங்க, இதை வாசிச்ச உடன ஃபாதரோட கதைங்க, ரீச்சருக்கு நான் வேணுமெண்டா போன் எடுத்துச் சொல்லுறன்.