வேம் போட்டும் வேரில் ஏறவில்லையா? கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அடியுரமாக டி.ஏ.பி. நிறையப் போட்டு, வேம் என்ற வேர் உட்பூசணமும் (வேருக்குள் வாழ்ந்து செடிக்கு மணிச்சத்து தரும் பூஞ்சை) இட்டேன். வேரைச் சோதித்தால் பூசணம் ஏறவே இல்லை. சரக்கு மோசமா சார்?

பதில்: சரக்கின் மேல் பழி போடும் முன் டி.ஏ.பி.யைப் பாருங்கள். அதில் 46 சதம் மணிச்சத்து (பாஸ்பரஸ் சத்து). வயிறு நிறைந்த செடி விருந்தாளியைக் கூப்பிடாது. மணிச்சத்துக்குப் பசித்தால்தான் வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற ஹார்மோனைத் தாராளமாகக் கசியவிடும். மண்ணில் அது சீக்கிரம் சிதைந்துபோவதால், வேரை ஒட்டியிருக்கும் பூசணத்துக்கே எட்டும். எட்டியதும் பூசண இழை தாறுமாறாகக் கிளைவிடும். 2005-ல் ஜப்பானில் அகியாமா குழுவினர் இதைக் காட்டினார்கள். அதே ஹார்மோன் செடிக்குள் பக்கக் கிளைகளை அடக்கும். பசித்த நெல் தூர் கட்டாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: அப்படியானால் அதை மண்ணில் ஊற்றிவிடலாமே?

பதில்: ஊற்றினால் முதலில் எழுந்து வருவது சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களையாக இருக்கலாம்! பூசணத்துக்கு விடும் அழைப்பை அந்த ஒட்டுண்ணியின் விதையும் ஒட்டுக்கேட்டு முளைக்கும். இந்த வகைப் பொருளையே 1966-ல் பருத்தி வேர்க் கசிவில் சுடுமல்லியை முளைக்கவைக்கும் பொருளாகத்தான் முதலில் பிரித்தெடுத்தார்கள். பருத்தியிலோ சுடுமல்லி ஒட்டி வளராது, முளைத்துச் சாகும். செடி ஏன் தன் எதிரியை எழுப்பும் பொருளைக் கசியவிடுகிறது என்ற புதிருக்கு விடை கிடைக்க 39 வருடம் ஆனது. அழைப்பு மட்டும் போதாது என்பதும் உண்டு. நெல்லில் டி14எல் என்ற ஏற்பி (சமிக்ஞையை உணரும் புரதம்) பழுதானால் பூசணம் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

கேள்வி: ஜிப்ரெல்லிக் அமிலம் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தெளித்தால் பூசணம் பெருகுமா?

பதில்: நெல், பட்டாணியில் பார்த்தவரை குறையத்தான் செய்கிறது. வேரைக் காரத்தில் வேகவைத்து, நீலச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வையுங்கள். வேரின் புறணிச் செல்லுக்குள் பூசணம் குட்டி மரம்போல் கிளை பரப்பி நிற்கும். மணிச்சத்து கைமாறுவது அங்கேதான். அதற்கு ஆயுள் சில நாள்தான். அந்த மரம் உருவாக டெல்லா என்ற புரதம் வேண்டும். ஜிப்ரெல்லிக் அமிலம் போன்ற ஜிப்ரெல்லின் கூடினால் செல்லே டெல்லாவைச் சிதைத்துவிடும். காய் பருக்கத் தெளிப்பவர்கள் இதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: கடுகுக்கு வேம் எவ்வளவு போடலாம்?

பதில்: போடவே வேண்டாம். கடுகு, முட்டைக்கோஸ் குடும்பம் இந்த உறவுக்கு வேண்டிய மரபணுக்களையே எப்போதோ தொலைத்துவிட்டது. பீட்ரூட்டுக்கும் போடாதீர்கள்.