மடிக்குழந்தையோடு விமானப் பயணம்: பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

கேள்வி: என் கணவர் தோஹாவில் வேலை செய்கிறார். ஒரு வயதும் பத்து மாதமும் ஆன மகனோடு அவரிடம் போய் மூன்று மாதம் தங்கிவர இருக்கிறேன். ட்ரவல்ஸில் மகனுக்குப் போகவர மடிக்குழந்தை டிக்கெட் போட்டுத் தந்திருக்கிறார்கள். மலிவாக முடிந்தது என்று நான் மகிழ்ந்திருக்க, திரும்பும்போது சிக்கல் வரும் என்கிறார் என் அக்கா. யார் சொல்வது சரி?
- ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: அக்கா சொல்வதுதான் சரி. குழந்தையின் வயதை டிக்கெட் வாங்கும் நாளில் பார்ப்பதில்லை. ஒவ்வொரு விமானமும் புறப்படும் நாளில் பார்க்கிறார்கள். இரண்டாவது பிறந்தநாள் வரைதான் பிள்ளை மடியில் இருந்து போகலாம். அதன் பின் அவனுக்கென்று தனி இருக்கையும் இருக்கைப் பட்டியும் வேண்டும். உங்கள் மகன் போகும்போது மடிக்குழந்தை. வரும்போது இரண்டு வயது கடந்த பிள்ளை. தோஹாவில் கடவுச்சீட்டில் உள்ள பிறந்த திகதியைப் பார்த்ததும் விமானத்தில் ஏற விடமாட்டார்கள். அந்த நேரத்தில் அன்றைய விலைக்கு இருக்கை வாங்க வேண்டும். இருக்கை இல்லையென்றால், பிள்ளையையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு அடுத்த விமானம் வரை காத்திருக்க வேண்டும்.

அதனால் இந்த வாரமே அதே ட்ரவல்ஸுக்குப் போங்கள். திரும்பும் பயணத்துக்கு மட்டும் இருக்கை வாங்கினால் போதுமா, இரண்டு வழிக்கும் சிறுவர் டிக்கெட் எடுக்க வேண்டுமா என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வாய்ப் பதிலோடு எழுந்து வந்துவிடாதீர்கள். விமான நிறுவனத்தின் பதிலை மின்னஞ்சலில் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

இந்தக் குழப்பம் ஏன் இத்தனை பேருக்கு வருகிறது என்றால், விலையில் உள்ள இடைவெளி அப்படி. பெரிய நிறுவனங்கள் வெளிநாட்டுப் பயணத்தில் மடிக்குழந்தைக்குப் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் 10 வீதம் அளவில் அறவிடுகின்றன; மலிவு விமானங்களில் ஒரு நிலையான தொகை இருக்கும். இரண்டு வயதானதும் கட்டணம் பெரியவர் டிக்கெட்டை நெருங்கிவிடும். மொத்தத் தொகை குறைவாகத் தெரிந்தால்தான் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போகமாட்டார் என்று நினைக்கிற முகவர்கள் இருக்கிறார்கள். பொறுப்பாகத் திகதி பார்த்துச் சொல்கிறவர்களும் நம் ஊரில் உண்டு. அவர்களைத் தேடிப் போவதற்காகச் சில ஆயிரம் ரூபாய் கூடினாலும் பரவாயில்லை என்பேன்.

டிக்கெட் கையில் வந்ததும் மகனின் பெயரும் பிறந்த திகதியும் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கின்றனவா என்று பாருங்கள். நம்மவர் பெயர்களில் தந்தை பெயர் முன்னும் பின்னும் மாறி நிற்பது வழக்கம். மடியில் இருந்து போகும் குழந்தைக்கும் 13 இலக்கத்தில் தனி டிக்கெட் எண் இருக்க வேண்டும். உங்கள் டிக்கெட்டின் ஓரத்தில் பெயரை மட்டும் சேர்த்துவிட்டு, எண் எடுக்காமல் விட்டிருந்தால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அலைய வேண்டிவரும்.

கேள்வி: எட்டு மாத மகளோடு லண்டன் போகிறோம். விமானத்தில் தொட்டில் நிச்சயம் கிடைக்கும் என்று சொல்லி முகவர் தனியாகக் காசு வாங்கினார். பற்றுச்சீட்டு தரவில்லை. இது முறையா?
- காத்தான்குடி வாசகி

பதில்: சகோதரி, தொட்டிலை நிச்சயம் என்று எந்த முகவராலும் சொல்ல முடியாது. அதை முன்சுவரை ஒட்டிய முதல் வரிசைகளில்தான் மாட்ட முடியும். ஒரு விமானத்தில் அப்படிப்பட்ட இடங்கள் மிகச் சில. முன்கூட்டிக் கேட்டு வைக்கலாம், கடைசி நேரத்தில் விமானம் மாறினால் அதுவும் மாறும். தொட்டிலுக்கென்று பொதுவாகக் கட்டணம் இல்லை. அந்த முன்வரிசை இருக்கையைத் தெரிவு செய்யச் சில நிறுவனங்கள் அறவிடுவதுண்டு. அப்படியானால் அது நிறுவனத்தின் பற்றுச்சீட்டில் தெரியும். எடை வரம்பையும் கேளுங்கள். பல நிறுவனங்களில் அது 10, 11 கிலோ அளவில் நிற்கிறது. கொழுகொழுவென்று இருக்கும் எட்டு மாதப் பிள்ளை அதை நெருங்கிவிடலாம். ஏறும்போதும் இறங்கும்போதும் விமானம் குலுங்கும்போதும் பிள்ளையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், தூங்கினாலும் எழுப்பத்தான் வேண்டும்.

காசு விடயத்துக்கு வருகிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, நீங்கள் கேட்டால் பற்றுச்சீட்டு தரவேண்டியது விற்பவரின் கடமை. முதலில் முகவரிடம் கேளுங்கள். எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது மட்டக்களப்பு மாவட்டச் செயலகத்தில் உள்ள அதிகார சபையின் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய செய்திகளை அழித்துவிடாதீர்கள். பற்றுச்சீட்டு இல்லாத இடத்தில் அவைதான் உங்கள் கையில் உள்ள சான்று.

கேள்வி: பால்மாவும் சுடுதண்ணீரும் கொண்டுபோக விடுவார்களா? காது வலியால் பிள்ளை அழாமல் இருக்க, தூங்க வைக்கும் சளிமருந்து கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார்.
- ஓர் இளம் தந்தை, அக்கரைப்பற்று

பதில்: மருந்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: கொடுக்காதீர்கள். சளிக்கும் ஒவ்வாமைக்கும் உள்ள பாணி மருந்துகளைத் தூக்கத்துக்காகச் சிறு குழந்தைகளுக்குக் கொடுப்பது ஆபத்து. மூச்சு மந்தமாகலாம், சில பிள்ளைகள் தூங்குவதற்கு மாறாக இன்னும் துடித்து அழுவார்கள். பிள்ளைக்குக் கடும் சளியோ காதுவலியோ இருந்தால் பயணத்துக்கு முன் வைத்தியரிடம் காட்டுங்கள்.

காது அடைப்பது பெரும்பாலும் விமானம் இறங்கும்போதுதான். விழுங்கும்போது தொண்டைக்கும் நடுக்காதுக்கும் இடையிலுள்ள குழாய் திறந்து அழுத்தம் சமமாகும். ஆகவே இறங்கத் தொடங்குவதாக அறிவித்ததும் தாய்ப்பாலோ சூப்பிப் போத்தலோ கொடுங்கள். அதற்கு முன்பே வயிறு நிறையக் குடித்துவிட்டால் அந்த நேரத்தில் குடிக்க மறுப்பார்கள். அவர்களுக்கு சூப்பி உதவும்.

கைப்பையில் திரவம் 100 மில்லிலீற்றருக்கு மேல் ஆகாது என்ற விதியில் குழந்தைப் பாலுக்கும் குழந்தை உணவுக்கும் பயணத்துக்குத் தேவையான அளவு விலக்கு உண்டு. சோதனை மேசையில் அவற்றைத் தனியாக எடுத்து வைத்துச் சொல்லுங்கள். பால்மாவைக் கரைத்துக் கொண்டுபோகாமல், வேளைக்கு வேளை அளந்து உலர்ந்த சிறு டப்பாக்களில் வையுங்கள். கரைத்த பால் சாதாரண அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

கேள்வி: கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸில் போய் அதிகாலை விமானம் பிடிக்கலாமா? எட்டு மாதக் குழந்தை இருக்கிறது.

பதில்: நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் உறக்கம் கெட்ட பிள்ளை, விமானம் ஏறுமுன்பே களைத்துவிடும். கொழும்பு பஸ் கட்டுநாயக்காவில் விடாமல் நகரத்துக்குப் போனால் அங்கிருந்து திரும்பி வர வேண்டும். வான் பிடிப்பதானால் காத்திருப்புக் கட்டணமும் சேர்த்து விலை பேசுங்கள். ஹபரணை வழியாகப் போனால் மின்னேரியாப் பக்கம் இரவில் யானை வீதிக்கு வரும். பகலில் புறப்பட்டு, நீர்கொழும்புப் பக்கம் ஓர் இரவு தங்குவதே நல்லது. அந்தச் செலவை டிக்கெட் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: பிள்ளையின் தள்ளுவண்டி உடைந்து வந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தோம். இனி ஒன்றும் செய்ய முடியாதா?
- ஏறாவூர்

பதில்: முடியும். சேதமான பொதிக்கு, கையில் கிடைத்த நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையில் உள்ள விதி. தாமதமாக வந்த பொதிக்கு 21 நாட்கள். ஏழு நாள் இன்னும் முடியவில்லையென்றால் இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். உடைந்த இடத்தின் படம், பொதிச்சீட்டு, வண்டி வாங்கிய பில் மூன்றையும் இணையுங்கள். அடுத்த முறை வண்டி கைக்கு வந்ததும் சக்கரத்தை அங்கேயே சுழற்றிப் பாருங்கள். பழுதென்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் பொதிப் பிரிவில் பதிவு செய்து பிரதி வாங்குங்கள்.