பவர் கார்டு மாற்றினால் குரல் இனிக்குமா?

கேள்வி: ஆம்ப்ளிஃபயரோடு வந்த சாதாரணப் பவர் கார்டைக் கழற்றிவிட்டு, பெருவிரல் தடிமனில் ஒன்று வாங்கிப் போட்டேன். அன்று ராத்திரியே வித்தியாசம் தெரிந்தது. பாடகியின் குரல் முன்னால் வந்து நிற்கிறது, பேஸ் குழறாமல் இருக்கிறது. எஞ்சினியரிங் படிக்கும் என் மகன், "அப்பா, அது வெறும் கரண்ட் ஒயர்" என்று சிரிக்கிறான். என் காது பொய் சொல்கிறதா?

பதில்: இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆம்ப் ரிப்பேர் செய்தவன் நான். காதை நம்பாமல் அந்தத் தொழில் ஓடாது. சத்தம் மாறியிருக்கிறது என்று காது சொன்னால் முதலில் நம்பிவிடுவேன். எதனால் மாறியது என்ற இடத்தில்தான் அதோடு சண்டை போடுவேன்.

ஒரு கதை சொல்கிறேன். நண்பர் ஒருவர் உங்களைப் போலவே தடித்த கார்டு வாங்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "வந்து கேள், அப்புறம் பேசு" என்றார். கேலி செய்யலாம் என்றுதான் போனேன். கேட்டால் பேஸ் நிஜமாகவே தெளிந்திருந்தது! முன்பு மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் பானைக்குள் தட்டுவதுபோல் இருக்கும். இப்போது ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது. ஒன்றும் சொல்லாமல் வீடு திரும்பினேன். ஒரு வாரம் மண்டையைக் குடைந்தது.

மறுபடி போய் அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். கார்டு அவ்வளவு விறைப்பு, வளையவே மறுக்கிறது. அதற்கு இடம் கொடுக்க நண்பர் அலமாரியை ஒன்றரை அடி முன்னால் இழுத்திருக்கிறார். ஸ்பீக்கர் இரண்டும் அந்த அலமாரி மேல்தான். முன்பு சுவரோடு ஒட்டி இருந்தவை இப்போது சுவரை விட்டு விலகி நின்றன. சுவருக்குப் பக்கத்தில் வைத்த ஸ்பீக்கரின் கீழ் சுரங்கள் சுவரில் பட்டுத் திரும்பி வந்து நேரடி ஒலியோடு சேர்ந்து உப்பிவிடும். விலக்கினால் அந்த உப்பல் குறையும். அலமாரியை நகர்த்தாமல் பழைய கார்டைச் செருகினேன், அதே தெளிவு. புதுக் கார்டை மாட்டி அலமாரியைச் சுவரோடு தள்ளினோம். பானை திரும்பி வந்தது. நண்பர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆகவே முதல் கேள்வி: கார்டு மாட்டும்போது எதை நகர்த்தினீர்கள்? பின்னால் கை விட்டபோது ஆடியோ ஒயர்களின் ஆர்.சி.ஏ. பிளக்குகள் அசைந்திருக்கும், நாள்பட்ட பிளக்கில் படிந்த கறை அந்த அசைவில் தேய்ந்து, மங்கிக் கிடந்த ஒரு பக்கம் உயிர் பெறுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். வால்யூம் பழைய இடத்திலேயே இருந்ததா? கொஞ்சம் கூடினாலும் நமக்கு அது 'கூடியது' என்று தெரியாது, 'நன்றாக இருக்கிறது' என்றுதான் தோன்றும். இன்னொன்று, 'அன்று ராத்திரியே' என்று எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி வீடும் தெருவும் அடங்கிய பிறகு எந்த ஆம்ப்பும் பகலைவிட நன்றாகத்தான் பாடும்.

சரி, கார்டுக்கு வருவோம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 13 மில்லிஓம் மின்தடை. இரண்டு மீட்டர் கார்டில் போக 2, வர 2, ஆக 4 மீட்டர். சுமார் 50 மில்லிஓம். ஆம்ப் மின்சாரத்தைச் சீராக இழுப்பதில்லை. டிரான்ஸ்ஃபார்மரும், மின்சாரத்தை ஒரே திசையில் ஓடவைக்கும் ரெக்டிஃபயரும் உள்ள ஆம்ப், மின்சார அலையின் உச்சியில் மட்டும் சட்டென்று ஒரு வாய் இழுத்து, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரை நிரப்பிக்கொள்ளும். 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் நொடிக்கு 100 தடவை. அந்த ஒரு வாய் 5 ஆம்பியர் என்றே வைப்போம். கார்டில் இழப்பு கால் வோல்ட். நான்கு மடங்கு தடித்த கம்பி போட்டால் இது 0.06 வோல்ட் ஆகும். மிச்சம் பிடித்தது 0.2 வோல்ட்டுக்கும் கீழே. 230 வோல்ட்டில் இது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆம்ப் தன் முழுச் சக்தியில் கத்தும் கடைசி நுனியில்கூட இதனால் கிடைப்பது ஒரு டெசிபலில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

உங்கள் சாக்கெட்டுக்குப் பின்னால், சுவருக்குள், 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி 20 மீட்டர் ஓடுகிறது என்றால் போக வர அதன் தடை 0.3 ஓம். கார்டைப் போல ஆறு மடங்கு. அதே லைனில் யாராவது 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் ஒரு வோல்ட்டுக்கு மேல் இறங்கும். அப்போது பாடகியின் குரல் பின்வாங்கியதா? கவனித்திருக்க மாட்டீர்கள்.

மின்சாரத்தோடு வரும் இரைச்சலைக் கார்டு வடிகட்டும் என்பார்கள். சில கார்டுகளில் ஃபெரைட் வளையமும் உலோக உறையும் உண்டு, அவை மெகாஹெர்ட்ஸ் கணக்கிலான இரைச்சலைக் கொஞ்சம் தடுக்கும். ஆனால் அந்த வேலைக்கென்றே பல கருவிகளில் கார்டு செருகும் வாயிலேயே ஒரு ஃபில்டர் இருக்கிறது; மிச்சத்தைப் பெரிய கெப்பாசிட்டர்கள் விழுங்கிவிடும். இவ்வளவுக்குப் பிறகும் கார்டு மாற்றினால் ஒலி மாறுகிற ஆம்ப் ஒன்று கிடைத்தால், அதை என் மேஜைக்கு அனுப்புங்கள், ஏதோ பழுது இருக்கிறது.

சிரிக்கிற மகனுக்கும் ஒரு வேலை கொடுங்கள். நீங்கள் அறைக்கு வெளியே போங்கள். அவன் நாணயம் சுண்டிப் பூ விழுந்தால் புதுக் கார்டு, தலை விழுந்தால் பழையது மாட்டட்டும். மாற்றாத தடவையும் கழற்றிச் செருக வேண்டும். இல்லாவிட்டால் ஆகும் நேரத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள். கார்டு கண்ணில் படாமல் ஒரு துணி. மாற்றுகிறவனும் நீங்கள் கேட்கும்போது அறையில் இருக்கக் கூடாது, அவன் முகமே விடை சொல்லிவிடும். வால்யூமைத் தொடாதீர்கள், அதே பாட்டு, அதே நாற்காலி. 16 தடவை. வெறும் குருட்டு யோகத்தில் 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொல்ல 4 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்புதான். பன்னிரண்டைத் தொட்டால் எனக்கு எழுதுங்கள், இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறேன். ஒன்பதில் நின்றாலும் எழுதுங்கள்.

கேள்வி: டிவியை ஆம்ப்போடு இணைத்தால் 'உம்ம்' என்று ஒரு ரீங்காரம். ஒயரைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறது. உறை போட்ட உயர்தரப் பவர் கார்டு வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: வாங்காதீர்கள். ஆடியோ ஒயரைப் பிடுங்கினால் நிற்கிறது என்றால் அது பெரும்பாலும் எர்த் லூப். இரண்டு கருவிகளுக்கும் இரண்டு வழியில் எர்த் தொடர்பு. அந்த இரண்டு புள்ளிக்கும் இடையே சிறு வோல்டேஜ் வித்தியாசம். ஆடியோ ஒயரின் உறை வழியாக அது ஓடிச் சிக்னலில் கலக்கிறது. டிவிக்கு வரும் ஆன்டெனா அல்லது கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் இரண்டாவது வழி அதுதான். நிற்காவிட்டால் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஆடியோ ஒயருக்கு நடுவே, சிக்னலை மட்டும் கடத்தி எர்த் தொடர்பை அறுக்கும் ஒரு சின்ன ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம். டிவியில் ஆப்டிகல் வெளியீடும் (சிக்னலை ஒளியாக அனுப்புவது) ஆம்ப்பில் அதற்கான வாயும் இருந்தால் விஷயமே முடிந்தது. ஒளிக்கு எர்த் கிடையாது.

எர்த் பின்னை மட்டும் கழற்றிவிடாதீர்கள். ரீங்காரம் போய்விடும், உண்மைதான். ஆம்ப்புக்குள் என்றைக்காவது ஃபேஸ் ஒயர் பெட்டியில் பட்டால், அதை அடுத்துத் தொடுகிறவர் நீங்கள் அல்லது உங்கள் குழந்தை. எர்த் பின் வெட்டிய பிளக்கோடு வருகிற ஆம்ப்பை நான் ரிப்பேருக்கே எடுப்பதில்லை, முதலில் பிளக் மாற்று என்று திருப்பி அனுப்பிவிடுவேன்.

கேள்வி: ரெக்கார்ட் பிளேயர் ஓடும்போது மட்டும் லேசான ஹம். கார்டு காரணமா?

பதில்: இருக்கலாம். ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான், பவர் கார்டு அதன் பக்கத்தில் படுத்திருந்தால் போதும். இரண்டையும் ஒரு சாண் விலக்குங்கள்; குறுக்கிட்டே ஆக வேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். பிளேயரின் தனி எர்த் கம்பி ஆம்ப்பின் திருகில் இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: புதுக் கார்டை நூறு மணி நேரம் ஓட்டினால்தான் 'பழகும்' என்கிறார்களே?

பதில்: பழகுவது நீங்கள்.

கேள்வி: தெரியாமல் வாங்கிவிட்டேன், திருப்பி எடுக்க மாட்டார்கள். தூக்கி எறியவா?

பதில்: எதற்கு? செம்பு நல்ல செம்புதான், தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்த வகைப் பிளக்குகள் கனம் அதிகம். ஆம்ப்பின் பின்னால் தொங்கித் தொங்கிச் செருகும் வாய் தளர்ந்து, உள்ளே பொறி பறந்து கருகிய இரண்டு ஆம்ப்புகளைத் திறந்திருக்கிறேன். பிளக்கைத் தொட்டால் ஆடுகிறதா, சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். சூடாக இருந்தால் உடனே அணைத்துவிட்டு ரிப்பேருக்குக் கொடுங்கள். லேசாகத் தொங்குகிறது, அவ்வளவுதான் என்றால் அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள்.