மறைப்பதும் சொல்லாமல் விடுவதும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பழைய படம் என்றாலே நீங்கள் உருகிவிடுகிறீர்கள். உங்கள் பேச்சைக் கேட்டு ‘உதிரிப்பூக்கள்’ பார்த்தேன், பாதியில் தூங்கிவிட்டேன். ‘மகாராஜா’ மாதிரி ஒரு திரைக்கதையை அந்தக் காலத்தில் யாராவது யோசித்தார்களா? சமீபத்தில் பார்த்த படங்களைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் எழுதுங்களேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

யோசித்தார்கள். 1954-இல் வந்த ‘அந்த நாள்’ படத்தைப் போன வாரம்தான் மறுபடி பார்த்தேன். பாட்டே கிடையாது, தொடக்கத்திலேயே சிவாஜியைச் சுட்டுச் சாய்த்துவிட்டு, யார் சுட்டிருப்பார்கள் என்று ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல ஒவ்வொரு விதமாகக் காட்டிக்கொண்டே போகிறார் இயக்குநர் எஸ். பாலசந்தர். அதற்காக அதில் குறையில்லை என்று சொல்ல மாட்டேன். கணவனும் மனைவியும் தேசபக்தி பற்றி வாதாடும் இடமெல்லாம் சுத்தமான மேடை நாடகம்.

‘மகாராஜா’ (2024) தொடக்கம் எனக்கும் பிடித்தது. குப்பைத்தொட்டி காணோம் என்று ஒரு மனிதர் போலீஸ் ஸ்டேஷனுக்கு வருகிறார், கேட்கும் ஆள் மாற மாற அதே கதையை அதே முகத்தோடு ஒப்பிக்கிறார். விஜய் சேதுபதிக்கு இதெல்லாம் சொல்லியா கொடுக்க வேண்டும்? ஆனால் காலத்தை முன்னே பின்னே கலைத்துப்போட்டு இயக்குநர் இவ்வளவு நேரம் மறைத்து வைத்திருந்தது ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமையை. அது தெரியவரும் நேரத்தில் பதறுவதற்குப் பதிலாக, ‘அட, எப்படிக் கோத்திருக்கிறார்!’ என்று நமக்குக் கைதட்டத் தோன்றுகிறது பாருங்கள், அங்கேதான் எனக்கு ஒட்டவில்லை. அவளுடைய வலி திரைக்கதையின் சாமர்த்தியத்துக்குத் தீனியாகிவிட்டது.

‘உதிரிப்பூக்கள்’ (1979) எதையும் மறைப்பதில்லை. மனைவியைக் கொடுமைப்படுத்தும் கணவனாக வரும் விஜயன் குரலை உயர்த்துவதே அபூர்வம், அந்த நிதானம்தான் பயமுறுத்துகிறது, அவன் கெட்டவன் என்று எச்சரிக்க இயக்குநர் மகேந்திரன் இசையைக்கூடக் கூப்பிடவில்லை. சரி, உங்களுக்குத் தூக்கம் வந்தது, விடுங்கள்.

அப்புறம் ‘கொட்டுக்காளி’. அதுவும் 2024 படம்தான், ஆனால் குணத்தில் மகேந்திரனுக்குப் பக்கத்தில் நிற்கிறது. வேறொருவனைக் காதலிக்கும் பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பமே அவளைச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறது, அவளைக் கட்டிக்கொள்ளப்போகிறவராகச் சூரி. பின்னணி இசையே இல்லை. ஆட்டோவில் போய்க்கொண்டிருக்கும்போது எங்கோ ஒலிக்கும் பாட்டை அந்தப் பெண் மெல்ல முணுமுணுக்கிறாள், அவ்வளவுதான், சூரி வெறிபிடித்தவர் போல அவளையும், தடுக்க வந்த பெண்களையும் அடித்து நொறுக்குகிறார். தொண்டையில் சுண்ணாம்பு தடவி, கட்டிப்போன குரலோடு! சிரிக்க வைத்தே பழகிய நடிகர் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கே வரவில்லை. வழிமறித்து நிற்கும் காளையைப் பார்த்து இத்தனை ஆண்களும் தயங்க, ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகும் காட்சியும் அருமை, கொஞ்சம் திட்டமிட்டு வைத்தது போலத் தெரிந்தாலும்.

முடிவு பாதியில் அறுந்ததாகச் சிலர் குறைப்பட்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சூரி நடித்த அந்த ஆள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டான், இனி என்ன செய்வான் என்று இயக்குநர் வினோத்ராஜ் சொல்லாமல் விட்டது சரி. சொல்லியிருந்தால் அவன் திருந்தினானா இல்லையா என்று தீர்ப்பெழுதிவிட்டு நாம் நிம்மதியாக எழுந்து போயிருப்போம்.

அன்புடன்